கவசம் திறந்த நாளில்

ஒற்றியூர் ஈசனுக்கு எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக ஒரு கடன் இருந்தது. ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருக்கும் புற்று மண் திருமேனி அவர், கார்த்திகைப் பௌர்ணமி தொடங்கி மூன்றே நாள்தான் கவசம் களைந்து தரிசனம். அந்தப் பௌர்ணமியன்று கடனை அடைத்துவிட்டு வந்தோம். உடம்பு வலி இன்னும் தீரவில்லை, ஆனால் ஆறப்போட்டால் அந்த நாளின் சூடு போய்விடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

ஆனி மாதத்தில் என் அண்ணனுக்கு லேத் பட்டறையில் இரும்புத் துகள் தெறித்து இடக்கண்ணில் பட்டது. வலக்கண் சிறு வயதிலிருந்தே மங்கல். இருந்த ஒரே கண்ணிலும் விழித்திரை விலகிவிட்டது என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு பத்து நாள் அண்ணன் குப்புறப் படுத்தே கிடந்தான். பகலில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே மழை தூறுகிறது, எதிர்க் கட்டிலுக்கு ஒரு தாத்தா வந்திருக்கிறார், ஜன்னலில் காக்கை உட்கார்ந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் "ம்" கொட்டுவான். இரவு அண்ணி வந்து என்னை அனுப்பிவைப்பார்.

அப்படி ஓர் இரவில்தான் அண்ணி வேண்டிக்கொண்டாராம். "இவர் கண் கட்டு அவிழ்ந்து என் முகம் தெரிந்தால், நீ கவசம் களையும் நாளில் நடந்து வந்து உன்னைப் பார்க்கிறேன்." கட்டு அவிழ்த்த அன்று அண்ணன் முதலில் சொன்னது, "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்பதுதான். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு சாமியிடம் கேட்காமல் ஒற்றியூரானிடம் ஏன் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. கண் போன கதை அந்த ஊர்க் கதைதானே. அங்கே மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டி வந்தபோது, நீ சந்நிதியை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று ஈசனிடமே கேட்டுக்கொண்டவர் சுந்தரர். ஈசனோ சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்! வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. பிறகு இடக்கண் காஞ்சியில் கிடைத்தது, வலக்கண் ஆரூரில். எங்களுக்கும் இடக்கண்தான் என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

நடப்பதென்றால் வள்ளலார் நடந்த வழியில் நடக்கலாம் என்றேன் நான். விடியற்காலை கந்தகோட்டத்தில் முருகனைக் கும்பிட்டுப் புறப்பட்டோம். 'தருமமிகு சென்னை' என்று வள்ளலார் பாடியது இந்த முருகன் முன்னால்தான். தங்கசாலைத் தெருவில் கடைகள் திறக்கவில்லை, மாடுகளும் பால் வண்டிகளும் மட்டும். ஏழுகிணறு, வீராசாமிப் பிள்ளை தெரு. அவர் வாழ்ந்த வீட்டு வாசலில் இருட்டிலேயே நின்று கும்பிட்டோம். 1772 முதல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளின் பெயர்தான் இந்த இடத்துக்கு. எனக்கோ ஏழுகிணறு என்றால் அந்தத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வரும்.

அம்மா இருந்தவரை அந்தக் கதையைச் சொல்லாத பௌர்ணமி கிடையாது. ஒற்றியூர் போய்விட்டு இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பிய இராமலிங்கம், அண்ணியை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணி இலையோடு வந்து எழுப்பிச் சோறு போட்டார். சாப்பிட்டுத் தூங்கிப்போனவரை மறுபடியும் அண்ணி வந்து எழுப்புகிறார்: "பசியோடு படுத்துவிட்டாயே, வா, சாப்பிடு." இப்போதுதானே போட்டீர்கள் என்றால், நான் இப்போதுதான் கதவையே திறக்கிறேன் என்கிறார். முதலில் வந்தவள் ஒற்றியூர் அம்மன் வடிவுடை நாயகி. வள்ளலார் பாடிய வடிவுடை மாணிக்க மாலையின் நூற்றியொரு பாட்டும் அவளுக்குத்தான். மருத்துவமனையில் பத்து இரவும் எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்தவர் என் அண்ணி. இதை அவரிடம் நேரில் சொன்னால் வெட்கப்படுவார், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை தாண்டும்வரை பேச்சும் பாட்டுமாகப் போனோம். தண்டையார்பேட்டையில் செருப்பில்லாத கால் கொப்பளித்துவிட்டது. டோல்கேட் வருவதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. தலைக்கு மேல் மெட்ரோ ரயில் வழுக்கிக்கொண்டு போவதை நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் அதில்தான் வரப்போகிறான், தூசியில் நடக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. அண்ணி நிற்கவே இல்லை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

காலடிப்பேட்டையில் டீ குடித்தோம். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது, 'காலெட் பேட்டை' நம் நாக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. தினமும் காஞ்சி வரதரைப் பார்த்துவிட்டு வந்த ஓர் ஊழியருக்காகக் கவர்னர் இங்கேயே பெருமாள் கோயில் எழுப்ப உதவினார் என்று சொல்வார்கள். கல்யாண வரதராஜரை வாசலிலிருந்தே சேவித்துக்கொண்டோம், உள்ளே போக நேரமில்லை.

தேரடி ஸ்டேஷன் வாசலில் அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தான். எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டான்.

வரிசை அப்போதே கோயிலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. ஆண்டில் மூன்றே நாள் என்றால் கூட்டம் வராமல் இருக்குமா, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கைக்குழந்தைக்காரியை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறவர்கள் உள்ளே போய் என்ன கேட்பார்கள்? வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து, தலைக்கு ஐந்நூறு கொடுத்தால் பத்து நிமிடத்தில் சுவாமி முன்னால் நிறுத்துகிறேன் என்றார். அண்ணனின் கண்ணாடியைப் பார்த்துத்தான் எங்களிடம் வந்திருக்கிறார். "ஐந்து மாதம் காத்திருந்தோம் ஐயா, இன்னும் ஐந்து மணி நேரம் நிற்க மாட்டோமா?" என்று அண்ணி கேட்ட கேள்வியில் நகர்ந்துவிட்டார். இந்தத் தரகர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மூன்றரை மணி நேரம் நின்றோம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுத்த கருவறை, பின்பக்கம் யானை படுத்தது போல வளைந்திருக்கும். சென்னைக்கு 1639-ஐப் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பரும் சம்பந்தரும் வந்து பாடிய ஊர் இது. அவர்கள் நின்ற இடத்தில் நாங்களும் நிற்கிறோம் என்று நினைத்தபோது கால் வலி பெரிதாகத் தெரியவில்லை.

கருவறைக்கு முன் வந்தபோது அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், "நகருங்கள், நகருங்கள்" என்று குரல். புனுகும் சாம்பிராணியும் கலந்த வாசனை ஒரேயடியாக மூக்கில் ஏறியது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். இடக்கண்ணில் தீபச் சுடர் சின்னதாக ஆடியது. இமைக்கவில்லை. தண்ணீர் மட்டும் மூக்கின் ஓரமாக இறங்கி மீசைக்குள் போனது. அவன் உதடு என்னவோ சொல்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அண்ணி அவன் கையைப் பிடித்திருந்தார். அதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

தியாகேசரை வணங்கி, வடிவுடையம்மன் முன்னால் நின்று நெஞ்சு நிறைய அழுதுவிட்டுப் பிராகாரத்துக்கு வந்தோம். மகிழ மரம் தெரியும்படி ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். அண்ணி தூக்கைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு, வறுத்த உருளைக்கிழங்கு. விரதம் இருந்தவர் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் முதலில் என் கையில்தான் வைத்தார்.

"சாமியை நன்றாகப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணி, பார்க்கவில்லை" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை. இவ்வளவு தூரம் நடந்து, இவ்வளவு நேரம் நின்று, பார்க்கவேண்டிய அந்த நொடியில் நான் வேறு பக்கம் பார்த்துவிட்டேன். அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, நாளைக்கு ஒழுங்காக வந்து பார்த்துவிட்டுப் போ என்றார்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"நான் சொல்கிறேன், கேள். புற்று மண் அல்லவா, மேலெல்லாம் வழவழப்பாக இல்லை. தைலம் பூசிக் கறுப்பாக இருந்தது. இடது பக்கம் தைலம் ஒரு கோடாக வழிந்து கீழே வரும்போது விளக்கு வெளிச்சம் அதில் பட்டது. மேலே ஒரு வில்வ இலை ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் ஓர் இதழ் மடங்கியிருந்தது..."

நான் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டேன்.