பாணின் விலையும் பாணின் நிறையும்

பாணை யாழ்ப்பாணத்துச் சாப்பாடு என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். பிட்டு இருக்க, இடியப்பம் இருக்க, ஒடியற்கூழ் இருக்க, பாணை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்பார்கள். அப்படிச் சொல்லுகிறவர் வீட்டிலும் இரவைக்குப் பாணும் சம்பலுமாகத்தான் இருக்கும். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சங்கக்கடையில் மா மூட்டைக் கணக்கு எழுதியே காலம் போனது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கோதுமை எங்கள் மண்ணில் விளைகிற பயிர் இல்லை. பாணையும் அதைச் சுடுகிற போறணையையும் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. பிறகு ஒல்லாந்தர், அதற்குப் பிறகு ஆங்கிலேயர். இத்தனை பேர் வந்து ஆண்டும் பாண் பட்டினத்தைத் தாண்டி ஊர்மனைக்குள் பெரிதாக நுழையவில்லை. என் ஆச்சியின் காலத்தில் அது காய்ச்சல்காரர் சாப்பாடு. ஒருவர் கையில் பாணோடு ஒழுங்கையால் போனால் "ஆருக்கு மோனை சுகமில்லை?" என்று படலையடியில் நின்று கேட்பார்களாம். சுகமாக இருக்கிறவர்களுக்குக் காலமை பழஞ்சோறு, இல்லாவிட்டால் குரக்கன் பிட்டு.

பாணை எல்லோருடைய வீட்டுக்கும் அனுப்பி வைத்தது அரசாங்கம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு வெளியிலிருந்து வந்ததுதான். பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் மா போகவில்லை. மலிவாகக் கிடைத்ததால் ஒவ்வொரு அரசாங்கமும் அதை இறக்கியது. 1980இல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிறீமா ஆலை மா அரைக்கத் தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். எங்கள் பெண்டுகள் அந்த மாவையும் விடவில்லை. துணியில் கட்டி நீராவியில் அவித்து, கட்டி உடைத்து, சூடு ஆறமுன்னம் அரிதட்டில் அரித்து எடுத்தால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆகும். அரிசிமாப் பிட்டு என்று நினைத்து வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ரசித்துச் சாப்பிடுகிற பிட்டில் பாதி இந்த அவித்த மாதான். அதை அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆக, எங்கள் காலமைச் சாப்பாடு துறைமுகத்தில் தொடங்குகிறது. கப்பல் வரவேண்டும், அந்நியச் செலாவணி இருக்கவேண்டும், வரியை ஒருவர் தீர்மானிக்கவேண்டும். இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை. அதனால்தான் இந்த நாட்டில் அரிசி விலையும் பாண் விலையும் ஆட்சியைப் பிடித்து உலுப்பி இருக்கின்றன.

1953ஐ என் ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். பங்கீட்டு அரிசி கொத்து 25 சதமாக இருந்தது. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் அதை ஒரேயடியாக 70 சதமாக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாடும் நின்றது. ஓகஸ்ட் 12ஆம் தேதி இடதுசாரிக் கட்சிகள் கூப்பிட்ட ஹர்த்தாலில் நாடு நின்றுபோனது. தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயரின் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு, சாவு. ஒக்டோபரில் டட்லி பதவியை விட்டுப் போனார். பின்னால் வந்த கொத்தலாவல விலையைக் கொஞ்சம் இறக்கவேண்டி வந்தது. நிதி அமைச்சராக இருந்து விலையைக் கூட்டிய ஜே.ஆர். ஜயவர்தனா 24 வருசம் கழித்துத் தானே பிரதமராக வந்தார் என்பது வேறு கதை. 1962இலும் பங்கீட்டைக் குறைக்க வெளிக்கிட்ட பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா நிதி அமைச்சை விடவேண்டி வந்தது.

ஐயா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். "கேட்டம், இறங்கினவங்கள்" என்பார். அந்த "கேட்டம்" என்பதில் தன்னையும் சேர்த்துத்தான் சொல்லுவார்.

பிறகு வந்த நாட்களில் எங்களால் அப்படிச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. எழுபதுகளின் பாண் வரிசை எனக்கு நல்லாக ஞாபகம். விடியமுன்னம் லாம்பு வெளிச்சத்தில் துவாய்த்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பேக்கரி வாசலில் நிற்பது. வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி நின்றதால் தோட்டக்காரர் கையில் அப்போது காசு புழங்கியது. ஆனாலும் வரிசை வரிசைதான். 1977இல் தெற்கு அந்த வரிசைகளுக்குப் பதில் சொன்னது. சிறிமாவோவின் கட்சிக்கு 8 ஆசனம் மிஞ்சியது. நாங்கள் அந்தத் தேர்தலில் தனிநாடு என்ற வேறொரு கேள்விக்கு வாக்குப் போட்டோம். அது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து பாணைப் பற்றிக் கேட்கிற இடத்தில் நாங்கள் இல்லை.

1994ஐ எடுங்கள். சந்திரிகா 3 ரூபாய் 50 சதத்துக்குப் பாண் தருவதாகச் சொல்லித் தேர்தலில் நின்றார். தெற்கில் அது மேடைக்கு மேடை ஒலித்தது. நாங்களோ 1990இலிருந்து பொருளாதாரத் தடைக்குள். மா கப்பலில் வந்தால் உண்டு. சங்கக்கடையில் குடும்ப அட்டைக்கு இத்தனை கிலோ என்று அளந்து கொடுத்து, கிழிந்த சாக்கை உதறி, ஒட்டியிருந்ததையும் கூட்டி அள்ளுவோம். அந்த வருசப் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் கிட்டத்தட்ட 6 இலட்சம். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. ஒரு சுயேச்சைக் குழு 10,744 வாக்குகளோடு 10 ஆசனத்தில் 9ஐ எடுத்தது. யாரிடம் போய் எந்தப் பாணைக் கேட்பது? 2006 ஓகஸ்டில் எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 பாதை பூட்டியபோதும் இதே கதை. பதில் சொல்லவேண்டிய ஆட்கள் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பக்கூடிய ஆட்களாக இருக்கவில்லை.

2022 எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முந்தின வருசம் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், பிறகு டொலர் முடிந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முன்னமே யூலையில் கோத்தபாய மாலைதீவுக்குப் பறந்துவிட்டார். 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கோத்தபாய, மகிந்த, பசில் உட்பட அப்போது பொருளாதாரத்தை நடத்தியவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்த்தது. நான் அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். தண்டனை இல்லை, இழப்பீடு இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய். சிலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது சின்ன விசயமாகப் படவில்லை. கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டவர்களைப் பற்றி ஒரு நீதிமன்றமும் அப்படி எழுதவில்லையே.

ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றியல்ல. விலை கூடினால் ஊர் முழுக்கத் தெரியும். நிறை குறைந்தால்?

நாங்கள் இன்னும் "ஒரு றாத்தல் பாண்" என்றுதான் கேட்கிறோம். றாத்தல் என்றால் கிட்டத்தட்ட 454 கிராம். 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் போட்டது 450 கிராம், அரை றாத்தலுக்கு 225. குறையலாம் என்று விட்டது முழுப்பாணில் 13.5 கிராம், அரைப்பாணில் 9. மகள் கேக் அடிக்க வாங்கி வைத்த டிஜிற்றல் தராசு வீட்டில் சும்மா கிடந்தது. ஒரு கிழமை, வாங்குகிற பாணை எல்லாம் அதில் வைத்தேன். அச்சுப்பாண், றோஸ்ட் பாண், ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் வாங்கினது, எல்லாம். றோஸ்ட் பாண் 360 காட்டியது. மற்றவை அதைவிடக் கொஞ்சம் மேலே. 400ஐ ஒன்றும் தொடவில்லை. சூட்டில் நிறுக்கவேண்டும், ஆறினால் நீர் வற்றும் என்று மனிசி சொன்னா. சரி என்று கொதிக்கக் கொதிக்க வாங்கி வந்தும் பார்த்தேன். கை சுட்டதுதான் மிச்சம்.

பேக்கரிக்காரப் பெடியனைக் கேட்டேன். நல்ல பெடியன், தகப்பனையும் எனக்குத் தெரியும்.

"ஐயா, மா விலை தெரியும்தானே. விறகு, ஆள் கூலி, கரண்ட். பத்து ரூபா கூட்டினா சனம் வாசல்லை நிண்டு ஏசும். ஐம்பது கிராம் குறைச்சா ஒருத்தருக்கும் தெரியாது. நான் மட்டும் 450 போட்டு விலையைக் கூட்டினா நாளைக்குப் பூட்டவேண்டியதுதான்."

அவனில் எனக்குக் கோபம் வரவில்லை. மேடையில் நின்றவர்கள் எழுபது வருசமாகச் செய்ததை அவன் போறணையடியில் நின்று செய்கிறான். தெரிகிறதைத் தொடாதே, தெரியாததைக் குறை. மானியத்தை வெட்டினால் ஹர்த்தால். மறைமுக வரியைக் கூட்டினால் சத்தமே இல்லை. பாணின் விலையைக் கேட்டு அரசாங்கங்களை மாற்றத் தெரிந்த நாங்கள், சீனக்குடாவிலிருந்து வருகிற மாவில் எத்தனை ரூபாய் வரி என்று ஒரு வேட்பாளரையும் கேட்டதாக நான் அறியேன். நானும்தான் கேட்கவில்லை.

இதற்குப் பொறுப்பு யார் என்று தேடிப் போனால் தலை சுற்றும். பேக்கரிக்கு வியாபார உரிமம் கொடுப்பது பிரதேச சபை. சுத்தம் பார்ப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தராசுக்கு முத்திரை குத்துவது ஒரு திணைக்களம், நிறையைப் பிடிப்பது இன்னொரு இடம். ஒரு அலுவலகத்தில் "இது எங்களுக்குரியதல்ல" என்று மிக மரியாதையாகச் சொல்லி, கதிரை தந்து, தேத்தண்ணியும் தந்தார்கள். பிரதேச சபையில் கேட்கலாம் என்றால் அங்கே அப்போது உறுப்பினரே இல்லை. 2023 மார்ச்சில் காலம் முடிந்த சபைகளுக்கு 2025 மே 6 வரை தேர்தல் வைக்கவில்லை. செயலாளர் கையெழுத்தில் எல்லாம் ஓடியது. மாகாண சபை இன்னும் மோசம். 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. பதின்மூன்றாம் திருத்தத்தைப் பற்றி எங்கள் தலைவர்கள் மணித்தியாலக் கணக்காகப் பேசுவார்கள். அதில் வந்த சபையில் ஒரு கதிரையிலும் ஆள் இல்லை.

கையில் மிஞ்சியது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அதுதான் எனக்கு அதில் பிடித்த இடம். சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன்: எங்கள் பிரதேச செயலர் பிரிவில் போன வருசம் எத்தனை பேக்கரிகளில் பாண் நிறுக்கப்பட்டது, எத்தனையில் குறைவு கண்டீர்கள், எத்தனை வழக்கு. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். கொஞ்சம் பிந்தித்தான் கடிதம் வந்தது. கேட்ட பிரிவுக்கெனத் தனியான பதிவேடு பேணப்படவில்லை என்று ஒரு வரி. கீழே வட்ட முத்திரை, நல்ல அழுத்தமாக.

சங்கக்கடையில் எங்களை இப்படி விடமாட்டார்கள். ஒரு சாக்கில் இரண்டு கிலோ குறைந்தாலும் கணக்காய்வாளர் வந்து நிற்பார், சம்பளத்தில் வெட்டுவார்கள்.

மேன்முறையீடு போட்டிருக்கிறேன். தனியான பதிவேடு வேண்டாம், மாவட்டத்துக்கு உள்ளதையே தாருங்கள், அதுவும் இல்லையென்றால் போன வருசம் பாண் நிறுக்கப் போன அலுவலரின் வாகன ஓட்டப் பதிவுப் பிரதியைத் தாருங்கள் என்று எழுதினேன். மேன்முறையீட்டைப் பார்க்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமிருந்து சரியான பதில் வராவிட்டால் அடுத்தது கொழும்பில் இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இதற்கிடையில் எங்கள் வட்டாரத்தில் தெரிவான புது உறுப்பினரையும் கண்டேன். உரிமம் புதுப்பிக்கும்போது வாசலில் ஒரு தராசு வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட ஏலுமா என்று கேட்டேன். "பாத்துச் சொல்லுறன் அண்ணை" என்றார். அடுத்த மாதக் கூட்டம் எந்தத் தேதி என்று கேட்டுக் கலண்டரில் குறித்திருக்கிறேன். உங்கள் ஊரில் நிறுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் கிராமையும், சூட்டில் நிறுத்ததா ஆறிய பிறகா என்பதையும் எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம்.