கோச் தோற்ற ராத்திரி

ரெஸ்லிங் ஷோ ஆரம்பிக்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. கோச் வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பேன்ட்டுக்கு உள்ளே ஏற்கெனவே மேட்ச் டைட்ஸ், மணிக்கட்டில் பாதி சுற்றிய டேப், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், அதில் ஆம்புலன்ஸ் டிரைவர் வழி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மெயின் ஈவென்ட், அதாவது முக்கிய மேட்ச், அவருடையது, ஷோவை நடத்துவதும் அவர்தான், கார்டில் (அன்றைய மேட்ச் பட்டியலில்) இருந்த பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நான் ரெஃபரி.

நான் ரெஸ்லராகத்தான் சேர்ந்தேன். எட்டு மாதத்தில் முழங்கால் கைவிரித்துவிட்டது, அதனால் கோடு போட்ட சட்டை. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒன்று புரிந்தது. "எல்லாம் செட்டப்புதானே" என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் சண்டை போடுவதில்லை. ஆமாம், முடிவு செட்டப். விழுவது செட்டப் இல்லை. ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் ப்ளைவுட் பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதற்கும் மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ், அவ்வளவுதான். மெத்தை மாதிரி இருக்கும் என்று நம்பிப் போனவனுக்கு முதல் பம்ப்பிலேயே, அதாவது முதல் விழுதலிலேயே, கண்ணில் பூச்சி பறந்தது. தாடையை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை வெளியே விடு, மேல்முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படட்டும், அதே நொடியில் இரண்டு உள்ளங்கையும் கான்வாஸில் அறையட்டும். இரண்டு வாரம் இது மட்டும்தான். தாடை ஒட்டவில்லை என்றால் பின்மண்டைதான் பலகையில் போய் மோதும், அதனால் கோச் மற்ற எதையும் மன்னிப்பார், இதை மட்டும் மன்னிக்க மாட்டார். அப்புறம் கயிறு. டிவியில் பார்க்கும்போது ரப்பர் மாதிரி துள்ளும். எங்கள் ரிங்கில் அது ரப்பர் குழாய்க்குள் ஓடும் எஃகுக் கேபிள். ஒரு வாரம் அதில் ஓடித் திரும்பினால் அக்குளுக்குக் கீழே விலாவோரம் கன்னங்கரேலென்று ஒரு பட்டை விழும்.

ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்கா, ஜப்பான் பாணியில் ஹெட்லாக்கோ (தலையைக் கைக்குள் இறுக்கும் பிடி) கைப்பிடியோ எதிராளியின் இடது பக்கத்தில்தான் போடவேண்டும். மெக்ஸிகோவின் ரெஸ்லிங் பாணியான லூச்சா லிப்ரேயில் வலது பக்கம். அதனால்தான் முன்பின் தெரியாத இரண்டு பேர், பேசும் மொழிகூட வேறாக இருந்தாலும், ஒத்திகையே இல்லாமல் பதினைந்து நிமிஷம் மேட்ச் போட்டுவிட முடிகிறது. எந்தக் கை வரும் என்று உடம்புக்கே தெரியும்.

சரி, சண்டை, பள்ளி, ஷோ என்று ஏன் மூன்று வேலையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது? முன்பு அப்படி இல்லை. அமெரிக்காவில் 1948-இல் என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பு உருவானது, ஆளுக்கொரு ஏரியா என்று ப்ரொமோட்டர்கள், அதாவது ஷோ நடத்துகிறவர்கள், பிரித்துக்கொண்டார்கள். ஒரு புதுப்பையன் ஓர் ஏரியாவில் ஆறு மாதம், இன்னொன்றில் ஒரு வருஷம் என்று சுற்றினாலே வாரத்துக்கு நாலைந்து மேட்ச் கிடைக்கும், அதுவே பள்ளிக்கூடம். 1980-களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நாடு முழுக்கப் பரவியதும் அந்த ஏரியாக்கள் ஒவ்வொன்றாக மூடின. 2001-இல் அதன் போட்டி நிறுவனங்களில் டபிள்யூ.சி.டபிள்யூ. விலைபோனது, இ.சி.டபிள்யூ. திவால். கற்றுக்கொள்ள இடமே இல்லை. அதனால் விஷயம் தெரிந்த ரெஸ்லர் ஒருத்தர் ஒரு ரிங் வாங்கிப் போட்டுப் பள்ளி தொடங்குகிறார். கற்றவனுக்குக் கூட்டத்தின் முன்னால் மேட்ச் வேண்டுமே, எனவே அவரே ஷோ நடத்துகிறார். மண்டப வாடகைக்குப் பள்ளிக் கட்டணம் போகிறது, ரிங்கை மாணவர்களே தூக்கி வந்து மாட்டுகிறார்கள், டிக்கெட் விற்க அவருடைய பெயர் போஸ்டரில் வேண்டும் என்பதால் வலிக்கிற இடுப்போடு அவரும் இறங்குகிறார். பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான பிரயன் டேனியல்சன், சி.எம். பங்க், சமோவா ஜோ எல்லாரும் பெயர் எடுத்தது இந்த மாதிரிச் சின்ன மண்டபங்களில்தான். 2018-இல் கோடி ரோட்ஸ் என்ற ரெஸ்லரும் யங் பக்ஸ் ஜோடியும் சொந்தப் பணத்தைப் போட்டு "ஆல் இன்" ஷோவுக்குப் பத்தாயிரம் பேரைத் தாண்டிக் கூட்டிய கதை வேறு. அது லாட்டரி. எங்கள் கோச்சுக்கு முன்வரிசை நிரம்பினாலே தீபாவளி.

காசு விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இளம் வயதில் ஒரு ப்ரொமோட்டரிடம் ஷோ போட்டுவிட்டு, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் ஆள் டிக்கெட் பெட்டியோடு எஸ்கேப்பாம். அதனால் இவர் சம்பளக் கவரை மேட்சுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவார். கவர் மெல்லியதுதான். பலருக்கு அதைவிட டீஷர்ட், போட்டோ விற்கும் மேஜையில் கூடுதலாகத் தேறும். இடைவேளையை எந்த மேட்சுக்கு அப்புறம் வைப்பது என்பதில் கோச் அத்தனை மண்டையை உடைத்துக்கொள்வதும் அதற்காகத்தான். கூட்டம் சூடாக இருக்கும்போது விட்டால்தான் மேஜைப் பக்கம் வரும்.

ஆனால் மூன்று வேலையும் ஒருவரிடம் இருப்பதில் பெரிய சிக்கல் காசு இல்லை, புக்கிங். யார் ஜெயிக்கவேண்டும் என்று எழுதுகிற பேனா உன் கையிலேயே இருக்கிறது, சாம்பியன் பெல்ட் உன் இடுப்பிலேயே இருக்கிறது. எப்போது கழற்றுவாய்?

வெர்ன் கானியேவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மல்யுத்தத்தில் இரண்டு முறை தேசிய சாம்பியன், நிஜமாகவே சண்டை தெரிந்த ஆள். அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஏ.டபிள்யூ.ஏ. என்ற ரெஸ்லிங் நிறுவனம் அவருடையது. தன் பண்ணையில் இருந்த களஞ்சியத்தில் பையன்களைக் குளிரில் விறைக்க விறைக்கப் பழக்கினார். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ரிக் ஃப்ளேர் அங்கே தாங்க முடியாமல் ஓடிப்போனதும், கானியே போய்த் திரும்ப இழுத்து வந்ததும் ஊரறிந்த கதை. ஆசிரியராக அவரை மிஞ்ச ஆள் குறைவு. ஆனால் பத்து முறை சாம்பியன், கடைசியில் 1981-இல் 55 வயதில் ஓய்வு பெற்றபோதும் பெல்ட் அவரிடமே இருந்தது. அடுத்து வந்த நிக் பாக்விங்கல் அவரைத் தோற்கடித்து அதை வாங்கவில்லை, கையில் கொடுத்தார்கள். கானியேவின் ரசிகர்கள் என்னைத் திட்டலாம், எனக்கு அது உறுத்துகிறது. இன்னொரு பக்கம் ஜயண்ட் பாபா. 1972-இல் ஆல் ஜப்பான் என்ற ரெஸ்லிங் நிறுவனத்தைத் தொடங்கிய முதலாளி, வயதானதும் கார்டின் நடுவில் சிரிப்பு மூட்டும் ஆறு பேர் மேட்சுகளுக்குத் தானாக இறங்கிப் போய்விட்டார். மேலே, மெயின் ஈவென்ட்டில், அவருடைய நட்சத்திரங்கள் சுருதாவும் மிசாவாவும் மோதிக்கொண்டார்கள். அவர் 1998 டிசம்பர் வரை, இறப்பதற்குச் சில வாரம் முன்புவரை, ரிங்கில் ஏறினார், ஆனால் நடுவில்தான்.

அன்றைக்கு மெயின் ஈவென்ட்டில் கோச்சின் எதிராளி அவருடைய மாணவன், நாலு வருஷமாக எங்களோடு போல்ட் முறுக்கியவன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் படிக்கட்டுக்குக் கீழே கூப்பிட்டு, "இன்னைக்கு நான் படுத்துடறேன். க்ளீனா," என்றார். படுப்பது என்றால் தோற்பது. க்ளீன் என்றால் ஏமாற்று இல்லை, குறுக்கே யாரும் வரமாட்டார்கள், சாக்குச் சொல்ல இடமே கிடையாது. பையன் வாயைத் திறந்தான். அவர் அதற்குள் ஸ்பீக்கர் ஒயரைப் பார்க்கப் போய்விட்டார்.

ரெஃபரிக்கு ஒரு சௌகரியம், எல்லாமே காதில் விழும். நடுவில் பையன் படபடப்பில் அடுத்து என்ன என்று மறந்து நின்றான். கோச் ஹெட்லாக்கைப் போட்டு இறுக்கி, அவன் காதோரம் "மூச்சு விடு, மூச்சு விடு, அவசரமே இல்ல" என்றார். முன்வரிசையில் ஒரு சிறுவன், அவர் கழுத்தை நெரித்துக் கொல்கிறார் என்று கத்திக்கொண்டிருந்தான். நான் குனிந்து "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேன், அவர் கண்ணாலேயே சரி என்றார். கடைசியில் பையன் மேல்கயிற்றிலிருந்து பாய்ந்து காலை மடக்கிப் பிடித்தான். தோள் இரண்டும் கான்வாஸில் இருக்க மூன்று எண்ணிவிட்டால் தோல்வி. நான் படுத்து எண்ணினேன். ஒன்று. இரண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எல்லாரும் தோளைத் தூக்குகிற இடம் ஒன்று உண்டு, கூட்டமே அதற்காகத்தான் எழுந்து நின்றது, என் கை தானாகவே அரை நொடி தயங்கியது. அவர் உதடு அசையாமல் "எண்ணுடா" என்றார்.

மூன்று.

மண்டபம் ஒரு கணம் அமைதியாகி அப்புறம்தான் வெடித்தது. பையன் பெல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதான்.

ஒரு மணி நேரம் கழித்து ரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தோம். கோச் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வாடகைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பியன் பலகையைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனான்.

"ரெண்டாவது பம்ப்ல தாடை ஒட்டல," என்றார், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். "செவ்வாக்கிழமை சீக்கிரம் வந்துடு."