மாமா கடையில தினமும் 1980

எங்க மாமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, அங்க ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். போன மாசம் ஒரு பையன் கல்யாணப் பத்திரிகை ரசீதைத் தூக்கிட்டு வந்து நிக்கிறான், "அண்ணே முந்தாநேத்துதான் 500 ரூபா அட்வான்ஸ் குடுத்தேன், இதுல 01-01-1980னு இருக்கு, எங்கப்பாவே அப்ப டவுசர்தான் போட்டிருப்பாரு"ங்கிறான். மாமா மெதுவா என் பக்கம் திரும்புனாரு. ரசீதுல தேதி தானா விழுற மாதிரி எக்ஸெல்ல செஞ்சு குடுத்த புண்ணியவான் நான்தானே.

கடைசியில பாத்தா மதர்போர்டுல இருக்குற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. பிளக்குல கரண்ட் இருக்குற வரைக்கும் சிஸ்டம் ஆஃப்ல இருந்தாலும் உள்ள கடிகாரம் ஓடும், ஆனா மாமா ராத்திரி மெயினையே ஆஃப் பண்ணிட்டுத்தான் ஷட்டரை இறக்குவாரு, அதனால தினமும் காலைல அது நினைவு தப்பி எந்திரிக்குது, "எஃப் 1 அமுக்கு"ன்னு ஒரு புலம்பல் வேற. மாமாவும் நாலஞ்சு மாசமா அமுக்கிட்டு, சுவத்துல தேதி காலண்டரைக் கிழிச்சு அதைப் பாத்து கம்ப்யூட்டர்ல தேதி மாத்திட்டு இருந்திருக்காரு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல! மறந்த அன்னைக்கெல்லாம் 1980தான்.

"அதென்னடா மாப்ள கரெக்டா 1980?"ன்னாரு. விண்டோஸுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை ஓட்டுன டாஸ்ங்கிற சிஸ்டம் காலத்துல வருஷத்தை முழுசா எழுதாம 1980லருந்து எத்தனாவது வருஷம்னு மட்டும் குறிச்சு வச்சாங்க, எண்ணிக்கை சைபரா இருந்தா 1980 ஜனவரி 1. 1981ல வந்த முதல் ஐபிஎம் பிசில பேட்டரி கடிகாரமே கிடையாது, ஆன் பண்ணும்போதெல்லாம் இன்னைக்கு என்ன தேதின்னு அதுவே கேக்கும், சும்மா என்டர் தட்டுனா 1980தான். 1984ல ஐபிஎம்மோட ஏடி மாடல்லதான் பேட்டரி வச்சாங்க. யூனிக்ஸ்ங்கிற இன்னொரு சிஸ்டத்துக்கு 1970, ஆப்பிளோட பழைய மேக் கம்ப்யூட்டருக்கு 1904, அவங்கவங்க எங்க எண்ண ஆரம்பிச்சாங்களோ அதுதான். மாமா கேட்டுட்டு, "அப்ப நான் அஞ்சு மாசமா ஐபிஎம் காலத்து வேலையப் பாத்திருக்கேன்"னாரு.

பக்கத்து வாட்ச் கடையில 2032 நம்பர் பேட்டரி முப்பது ரூபாய்க்கு வாங்கிப் போட்டுட்டு வந்தேன்.

மறுநாள் போன். "மாப்ள, பேட்டரி சரியில்லடா, நேத்து தேதி காட்டுது." ஓடிப்போய்ப் பாத்தா, மனுசன் பழக்கதோஷத்துல காலண்டரைப் பாத்து தேதிய மாத்திருக்காரு, அன்னைக்குன்னு பாத்து காலண்டரைக் கிழிக்கல.