ஃபக்ஸ் இனி அவரவர் மேசையில்

ஸ்ரான்லி வீதியில் எங்கள் கந்தோர். வருகிற ஃபக்ஸ் எல்லாம் இதுவரை ஒரு அக்காவின் கணினியில்தான் திறக்கும். அந்த அக்கா லீவென்றால் ஆருக்கும் ஒன்றும் தெரியாது. போன கிழமை ஒரு விலைமனு இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மனம் பொறுக்கவில்லை.

நேற்று எங்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான வின்டோஸ் சேர்வரில், வரும் ஃபக்ஸ் ஒவ்வொன்றின் பிரதியும் ஒரு கோப்புறைக்குள் டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக விழும்படி செய்தேன். அந்தக் கோப்புறையை மற்றக் கணினிகளுக்கும் பகிர்ந்து, அந்தப் பகிர்வில் வாசிக்கும் அனுமதி கொடுத்தும் கணக்குப் பகுதித் தங்கச்சிக்குத் திறக்கவில்லை. சரி, கோப்புறையின் பாதுகாப்பு அனுமதியையும் பார்த்தேன். அங்கேயும் கொடுக்க வேண்டும். இரண்டு அனுமதியில் இறுக்கமானதுதான் செல்லுபடியாகும். ஆளாளுக்கு இல்லாமல் ஒரு குழுவுக்கே கொடுத்தேன். அழிக்கும் உரிமை மட்டும் கொடுக்கவில்லை, அது வேண்டவே வேண்டாம்.

பின்னேரம் தங்கச்சி தன் மேசையிலேயே ஒரு ஓடரைத் திறந்து, "அண்ணா, முத்திரைகூடத் தெளிவாத் தெரியுது" என்றாள்.