பழைய கந்தோரிலிருந்து என் வேலைகளை வெளியே எடுத்த பாடு

புது வேலை தேட, நான் வடிவமைத்தவற்றின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவுக்குப் பக்கங்களை அடுக்கி, பிடிஎஃப் ஆக்கி, வடிவமைப்பாளர்கள் தம் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலை சுலபமாகவே முடிந்தது. உயிரை வாங்கியது, கொள்ளுப்பிட்டியில் நான் இருந்த விளம்பரக் கந்தோரில், அங்கே செய்த வேலைகளைக் காட்ட அனுமதி எடுத்ததுதான்.

சட்டம் அவர்கள் பக்கம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, சம்பளத்துக்குச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை (அதை நகலெடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை), ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முதலாளிக்கே. அதனால் எழுத்தில் கேட்டேன். ஈமெயிலுக்குப் பதில் இல்லை. நேரில் போனால் எச்ஆர் மிஸ், “சேர் மீட்டிங்கில, நாளைக்கு வாங்கோ” என்பார். மறுபடி போனால், “கிளையண்டிட்டயும் கேக்கோணும்.” நானே வேலை செய்த இடத்தின் வரவேற்பறையில் அந்நியரைப்போல் காத்திருந்தது இன்னும் உறுத்துகிறது.

வழி சொன்னது கணக்குப் பிரிவு அக்கா. “மொத்தமாக் கேட்டா பயப்படுவினம் தங்கச்சி. அச்சாகி வெளிய வந்ததை மட்டும் பேர் போட்டுக் கேளுங்கோ.” அப்படியே பட்டியல் போட்டு அனுப்பினேன், பின்னேரமே ‘ஆட்சேபனை இல்லை’ என்று பதில் வந்தது. வெளிவராத வேலைகள் போனது போனதுதான். எனக்கு மிகப் பிடித்த பொங்கல் சுவரொட்டியும் அதற்குள் அடக்கம்.

அப்புறம் அவர்கள் பென்டிரைவில் தந்த ஃபைல்கள். வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிரின்ட் எடுக்கத் திறந்தால் ஆங்கிலம் பளிச்சென்று இருக்கிறது, தமிழ் முழுக்கக் குப்பை. ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவர்கள் பாவித்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோட் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலிருக்கும் ஆங்கில விசைகள்தான் தெரியும். கந்தோரை விட்டு வருமுன்பே, எழுத்துகளை அவுட்லைன் ஆக்கிய, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிய, பிடிஎஃப் ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்னைப்போல் திரும்பவும் அந்த வரவேற்பறைக்குத்தான் போகவேண்டும்.

போர்ட்ஃபோலியோவை அனுப்பும்போது இன்னொன்று: ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புவதானால், லொகின் செய்யாத போனில் ஒருதரம் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் லிங்க்குக்காக யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

புதிய கந்தோரின் நேர்முகத்தில் அதிகம் கேட்டது, “இதில் நீங்கள் செய்தது எது?” ஒவ்வொரு வேலைக்கும் கீழே அதை ஒரு வரியில் எழுதியிருந்தேன். “இதெல்லாம் வெளியில் காட்டலாமா?” என்றும் கேட்டார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அனுமதி ஈமெயிலைக் காட்டினேன். வருகிற ஒன்றாம் திகதி அங்கே வேலைக்குச் சேர்கிறேன்.