வால் இல்லாத எம்.ஆர்.என்.ஏ.

மார்ச் 4

செல்லில் ஒரு ஜீனின் எம்.ஆர்.என்.ஏ. (ஜீனைப் பார்த்து எடுத்த செய்திப் படி) எவ்வளவு இருக்கிறது என்று க்யூ.பி.சி.ஆரில் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கிறேன்; எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு அதிகம். இன்றோடு மூன்றாவது முறை. ஒப்பிட வைத்த ஆக்டின் ஜீன் 17-வது சுற்றிலேயே வந்துவிடுகிறது. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோனின் ஜீன் 33 தாண்டித்தான் தலைகாட்டுகிறது. ஆர்.என்.ஏ. கெட்டுப்போயிருக்குமோ என்று ஜெல் ஓட்டினேன். ஆர்.என்.ஏ. கெடாமல் இருந்தால் தெரியும் 28எஸ், 18எஸ் பட்டைகள் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. அப்போது பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டு, பிரைமர்தான் கோளாறு. புதிதாக ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 6

சீனியர் அக்கா தட்டைப் பார்த்தார். "ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்தாயே, அந்த சி.டி.என்.ஏ. எதை வைத்துப் பண்ணினாய்?"

"ஒலிகோ டி.டி., அக்கா." வெறும் டி எழுத்துகளால் ஆன துண்டு, ஏ வரிசையில்தான் ஒட்டும்.

"ஹிஸ்டோனுக்கு வால் ஏதுப்பா?"

காது சூடாகிவிட்டது. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம். ஜீனைப் படியெடுக்கும்போது ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ என்ற ஆறு எழுத்து வந்தால் சி.பி.எஸ்.எஃப். என்ற புரதக் கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். 10 முதல் 30 எழுத்து தள்ளி ஒரு வெட்டு. வெட்டிய முனையில் பாலி-ஏ பாலிமரேஸ், பார்த்து எழுத மூலப்படி எதுவும் இல்லாமலே, 200 ஏ வரை கோத்துக்கொண்டு போகும். அந்த வாலில்தான் என் ஒலிகோ டி.டி. ஒட்டும்.

ஹிஸ்டோன் செய்திகள் வேறு ஜாதி. செல் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நேரத்துக்கு மட்டும் தேவை, அப்புறம் சட்டென்று அழிய வேண்டும். அதனால் அவற்றின் நுனியில் வாலுக்குப் பதில் கொண்டை ஊசி போல ஒரு மடிப்பு; என் ஒலிகோ டி.டி.க்கு ஒட்ட இடமே இல்லை. வெட்ட இடம் காட்டுவது யு7 என்ற குட்டி ஆர்.என்.ஏ. வெட்டும் கத்தி என்னவோ அதே சி.பி.எஸ்.எஃப். கூட்டத்தில் இருக்கும் சி.பி.எஸ்.எஃப்.-73தான்!

மார்ச் 7

ஞாயிறு வரை பொறுக்காமல் அந்த ஆறு எழுத்தைப் பற்றியே படித்தேன். 1976-ல் பிரவுட்ஃபூட்டும் பிரவுன்லீயும் சில எம்.ஆர்.என்.ஏ.க்களின் நுனிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. ரத்தச் சிவப்பணுவின் ஆல்ஃபா குளோபின் ஜீனில் அந்த ஆறில் கடைசி ஏ, ஜி ஆனாலே தலசீமியா என்ற ரத்தசோகை நோய். ரத்தம் உறைய உதவும் புரதமான புரோத்ராம்பினின் ஜீனில் கதை தலைகீழ்: 20210-வது இடத்தில் ஜி, ஏ ஆனால் வெட்டு இன்னும் நன்றாக விழுகிறது, புரதம் கூடுகிறது, ரத்தம் தேவையில்லாமல் உறைகிறது. வேலை நன்றாக நடந்தாலும் வியாதியா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9

ஒலிகோ டி.டி.க்குப் பதில், வால் இல்லாமலே எங்கும் ஒட்டும் ஆறெழுத்துத் துண்டுகளான ரேண்டம் ஹெக்சாமர் போட்டுச் செய்தேன். ஹிஸ்டோன் 20-வது சுற்றில். நல்ல வளைவு, மூன்று குழியும் ஒன்றின் மேல் ஒன்று.

மாலையில் புதுப் பிரைமர் பார்சல் வந்தது. பிரிக்கவில்லை, அப்படியே மைனஸ் 20-ல் வைத்துவிட்டேன்.