நிழலுக்கு என்ன நிறம்?

எங்கள் காலத்துச் சித்திர வகுப்பில் நிழல் என்றால் கறுப்புத்தான். மரத்துக்குப் பச்சை பூசி, அடியில் கறுப்புப் பஸ்டலை விரலால் தேய்த்தால் நிழல் வந்துவிடும். பக்கத்துப் பச்சையும் அழுக்காகிவிடும். நிழலுக்கு அந்தக் கறுப்பை நம்பாமலே வெயிலைக் காட்டிய இரண்டு ஆற்றங்கரைகள் லண்டன் நேஷனல் கலரியில் இருக்கின்றன. நுழைவுக் கட்டணமும் இல்லை.

ஒன்று, பிரெஞ்சு ஓவியர் மொனே 1869இல் பாரிஸுக்கு அருகே, சென் ஆற்றங்கரையில் உள்ள லா கிரெனூயேரில் வரைந்த குளிப்பிடம். 73க்கு 92 செ.மீ., கையில் தூக்கிப்போகும் அளவு. தகரப்பூண் போட்ட தட்டைத் தூரிகையால் ஓர் இழுப்பு, அதுவே ஓர் அலை. ஆட்களுக்கு இரண்டு மூன்று தீற்றல், அவ்வளவுதான்.

மற்றது, இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் சேராவின் 'அஸ்னியேரில் குளிப்போர்'. 1884, அப்போது அவருக்கு 24 வயது. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். காற்றடிக்கும் கரையில் நிறுத்தி வரைய முடியாது. சேரா வெளியே கொண்டுபோனது சுமார் 16க்கு 25 செ.மீ. மரப்பலகைகளை, சுருட்டுப்பெட்டி மூடியளவு. ஒளியையும் நிறத்தையும் அவற்றில் பிடித்துக்கொண்டு, உருவங்களை ஓவியக்கூடத்தில் கொன்தே கரிக்கோலால் தனித்தனியே ஆராய்ந்தார். சொரசொரத் தாளில் மெல்லத் தேய்த்தால் மேடு மட்டும் கறுக்கும், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அழுத்தினால் பள்ளமும் நிரம்பி இருளும். கோடு தேவையில்லை.

பெரிய படத்தில் புல்லுக்குக் குறுக்கும் மறுக்குமான தீற்றல், தண்ணீருக்குக் கிடையானது, தோலுக்கு இழைத்துவிட்ட பூச்சு. உடம்பின் விளிம்பைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வெயில் படும் தோலருகே தண்ணீர் சற்று இருண்டிருக்கும், நிழல் பக்கத்தருகே வெளுத்திருக்கும். ஒரு நிறம் அயல்நிறத்தால் மாறித் தெரியும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் எழுதியதன் செய்முறை இது. மொனே கண்ணால் பிடித்ததைச் சேரா கணக்காக்கினார். அதனாலோ என்னவோ, மொனேயின் நீர் அசைகிறது, இவருடையது அசையவில்லை. அந்த அசையாமைதான் எனக்குப் பிடித்தது.

பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனின் நடுவர்கள் 1884இல் சேராவின் இந்தப் படத்தை நிராகரித்தார்கள். வலது ஓரத்தில் கைகளைக் குவித்துக் கூவும் பையனின் செம்மஞ்சள் தொப்பியில் உள்ள நீலப் புள்ளிகள், பிறகு 1887 அளவில் வைத்தவை.

நிறங்களைக் குழைக்காமல் சிறு புள்ளிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் புள்ளி முறை முழுதாக வந்தது சிக்காகோவில் உள்ள 'கிராண்ட் ஜாத்' படத்தில். அதில்தான் சாயம் காலை வாரியது. புல்லில் வெயிலுக்காக வைத்த நாகமஞ்சள் (துத்தநாகச் சாயம்), சேரா இறந்த மறுவருடமே, 1892இல், மங்கியதாகக் குறிக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் புள்ளிகள் பழுப்பு.